வேலை போனவர்களிடம் பேசும்போது ஒரு புகைப்படம் என்ன செய்யும்?

வேலை இழந்தவர்களின் பணி அடையாளம் பற்றி, அதாவது செய்த வேலையை வைத்து ஒருவர் தன்னை யாரென்று உணர்கிறார் என்பது பற்றி, ஆய்வு செய்யப்போவதாகவும், நேர்காணலில் புகைப்படங்களைப் பயன்படுத்தலாமா, யார் எடுத்த படங்களை வைத்துக்கொள்வது, கிடைத்ததை எப்படி அலசுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். "அதெல்லாம் ஆய்வுக்கு அலங்காரம்" என்று உங்கள் நெறியாளர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் பாதி நியாயம். படங்களைச் சேகரித்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒட்டினால் அது அலங்காரம்தான். ஆனால் வேலையிழப்பு என்ற விஷயத்தில், மேசைமேல் வைக்கப்படும் ஒரு படம் செய்யும் காரியத்தை வேறெந்தக் கேள்வியும் அவ்வளவு எளிதில் செய்துவிடாது என்பது என் உறுதியான கருத்து.

வேலை போன ஒருவரின் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, "வேலை போனபோது எப்படி இருந்தது?" என்று கேட்கிறோம். அப்போது அவரை எந்த இடத்தில் உட்காரவைக்கிறோம் என்று பாருங்கள். ஏதோ ஒன்று இல்லாமல் போனவர் என்ற இடத்தில். அதே கேள்வியைச் சொந்தக்காரர்கள் கேட்டிருப்பார்கள், பழைய சிநேகிதர்கள் கேட்டிருப்பார்கள், அடுத்த வேலைக்கான இன்டர்வியூவில் சுற்றிவளைத்துக் கேட்டிருப்பார்கள். அதற்கென்று அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "கம்பெனி நிலைமை அப்படி", "எல்லாம் நல்லதுக்குத்தான்", "கொஞ்ச நாள் பிரேக் எடுத்துக்கிட்டேன்." இவை பொய்யில்லை. பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்கள், அவ்வளவுதான். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அடையாளத்தைப் பற்றி எழுதினால், ஊருக்குச் சொல்லும் பதிலைப் பற்றித்தான் எழுதியிருப்பீர்கள்.

வேலையிடத்தின் படம் ஒன்று நடுவில் வந்ததும் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. "இது என்ன?" என்று கேட்கும் தெரியாதவர் நீங்கள். விளக்குகிறவர் அவர். தன் தொழிலை அறிந்தவராக அவர் மறுபடியும் பேச ஆரம்பிக்கிறார். பணி அடையாளம் என்று நாம் தேடுவது பெரும்பாலும் அந்தப் பேச்சுக்குள்தான் இருக்கிறது.

ஒரு பட்டறையில் பல காலம் லேத் ஓட்டியவர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் ஒரு வரியில் முடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த ஒரே படம், லேத்துக்கு முன்னால் சிலர் வரிசையாக நிற்கும் குரூப் ஃபோட்டோ. அதை எடுத்து வைத்தார். நிற்பவர்களின் பெயர்களைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல் ஆட்களைத் தாண்டி, பின்னால் ஒரு கைப்பிடியில் தொங்கிய அழுக்குத் துணிக்குப் போனது. "இது தொங்குச்சுன்னா செட்டிங் பாதியில நிக்குதுன்னு அர்த்தம், தம்பி. ஒருத்தனும் தொட மாட்டான். சூப்பர்வைசர்கூடத் தொட மாட்டார்." பிறகு செட்டிங் என்றால் என்ன, கருவியின் முனை தேய்ந்துவிட்டதைக் காதாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, புதுப்பையன்கள் எங்கே தப்பு செய்வார்கள் என்று பேச்சு நீண்டது. சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, "இப்ப வீட்ல நான் வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கிறதில்ல" என்றார். வேலை போனதால் என்ன போனது என்று நான் கேட்கவே இல்லை. தன் துணி தொங்கும் இடத்தை மற்றவர்கள் மதித்த ஓர் உலகம் போயிருந்தது.

படத்தைக் காட்டி இப்படிப் பேசவைக்கும் முறைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஃபோட்டோ எலிசிட்டேஷன் என்ற பெயரில் இதை முதலில் எழுதியவர் அமெரிக்கப் புகைப்படக்காரரும் மானுடவியலாளருமான ஜான் காலியர். 1957-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, கனடாவின் கடலோர மாகாணங்களில் கார்னெல் பல்கலைக்கழகக் குழு நடத்திய ஆய்விலிருந்து பிறந்தது. புதிய ஆலை வேலைகளுக்கு மாறிய குடும்பங்கள் எப்படிச் சமாளித்தன என்பதும் அந்த ஆய்வின் ஒரு பகுதி. ஆக, இந்த முறை பிறந்த இடத்திலேயே வேலை மாற்றம் இருந்திருக்கிறது. படம் வைத்தும் வைக்காமலும் பேசிப்பார்த்து அவர் ஒப்பிட்டார். படம் இருந்தபோது பேச்சு துல்லியமாகவும் விரிவாகவும் வந்தது, திரும்பத் திரும்பப் பேட்டி கொடுக்கும் சலிப்பும் குறைந்தது. படம் இல்லாதபோது பேச்சு அன்றைய மனநிலைக்கேற்ப அலைந்தது. அந்த அலைதலில் வேறு விஷயங்கள் தாராளமாக வந்தன என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். பலர் இந்தப் பின்பாதியை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான், எடுத்த எடுப்பில் படங்களைக் கடைபரப்பாதீர்கள் என்பேன். முதல் அரைமணி நேரம் சும்மா பேசவிடுங்கள். தயார் பதில்கள் வரட்டும், அலையட்டும். அவையும் தரவுதான். அதற்குப் பிறகு படத்துக்கு வந்தால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசமே உங்கள் ஆய்வுக்கு ஒரு கண்டுபிடிப்பாக அமையக்கூடும்.

யார் எடுத்த படம் என்பது உங்கள் அடுத்த கேள்வி. இதில் அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹார்ப்பரின் அனுபவம் பயன்படும். 2002-இல் இந்த முறையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை இத்துறையில் எல்லாரும் படித்திருப்பார்கள். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு மெக்கானிக் வேலை செய்வதைப் படிப்படியாகப் படம் எடுத்து, அந்த மெக்கானிக்கையே விளக்கவைத்தபோது முறை அருமையாக வேலை செய்தது. ஆனால் பால்பண்ணை விவசாயிகளிடம் தான் எடுத்த படங்களைக் காட்டியபோது பேச்சு எழும்பவில்லை. அவர்கள் தினமும் பார்ப்பதையே, பார்த்த கோணத்திலேயே காட்டியிருந்தார். வானிலிருந்து எடுத்த பண்ணைப் படங்களையும் 1940-களின் பழைய படங்களையும் காட்டிய பிறகுதான் அவர்கள் தங்கள் உழைப்பு எப்படி மாறியது என்று யோசித்துப் பேசினார்கள். பழகிய கண்ணைக் கொஞ்சம் அசைக்கும் படம் வேண்டும் என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

வேலை போனவர்களிடம் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நீங்கள் போய்ப் படம் எடுக்க அவருடைய வேலையிடம் இப்போது இல்லை, அல்லது இருந்தும் அவருக்கு உள்ளே அனுமதி இல்லை. அவரிடம் இருக்கும் படங்களோ பெரும்பாலும் விசேஷங்களின் படங்கள். ஆண்டுவிழா, விருது, பிரிவுபசாரம், பெரிய மனிதர் வந்துபோன நாள். சாதாரண செவ்வாய்க்கிழமை மதியத்தை யாரும் படம் எடுத்து வைத்திருப்பதில்லை. பல ஆலைகளில் கேமராவே கொண்டுபோகக் கூடாது. அடையாளம் உருவானது அந்தச் செவ்வாய்க்கிழமைகளில். ஆகவே இருக்கும் படங்களை மட்டும் நம்பினால், நிறுவனம் தன்னைப் பற்றிக் காட்ட விரும்பிய முகம்தான் உங்கள் தரவுக்குள் வந்து சேரும். அதற்கு ஈடுகட்ட அதே மாதிரி இயந்திரத்தின் படத்தை ஆவணக் காப்பகத்திலிருந்தோ பழைய தயாரிப்பு விளக்கக் கையேட்டிலிருந்தோ எடுத்துப் போங்கள். தன் இடத்தை ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். இன்னும் கையில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை, ஓர் அளவுகோலையோ பழைய ஐடி கார்டையோ, படத்துக்குப் பதில் மேசைமேல் வைக்கலாம். "எந்தப் படம் உங்களிடம் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். இல்லாத படத்தைப் பற்றிய பேச்சு, இருக்கும் படத்தைப் பற்றிய பேச்சைவிட ஆழமாகப் போகும்.

அலுவலக வேலையில் இருந்தவர்களுக்கு இது வேறு வடிவத்தில் வரும். காலையில் ஒரு மின்னஞ்சல், மதியத்துக்குள் கணக்கு முடக்கம். அலுவலக லேப்டாப்பிலும் நிறுவனத்தின் குழு உரையாடலிலும் இருந்த படங்கள் அத்தனையும் அந்தக் கணக்கோடு போய்விடும். செல்போனில் தற்செயலாக எஞ்சிய சில படங்களே மிச்சம். எது எஞ்சியது, ஏன் எஞ்சியது என்பதே நல்ல தொடக்கக் கேள்வி. லிங்க்ட்இன் முகப்புப் படத்தையும் விட்டுவிடாதீர்கள். வேலை தேடுகிறேன் என்று அறிவிக்கும் பச்சை வளையத்தை அந்தத் தளம் 2020-இல் கொண்டுவந்தது. அதைப் போட்டார்களா, போட்டுவிட்டு எடுத்தார்களா, யார் பார்ப்பார்கள் என்று நினைத்துத் தயங்கினார்கள், எந்த உடையில் எடுத்த படத்துக்கு அந்த வளையம் என்றெல்லாம் கேட்டுப் பாருங்கள். பணி அடையாளமும் வேலையின்மையும் ஒரே வட்டத்துக்குள் இருக்கும் படம் அது.

பங்கேற்பாளர்களையே இன்றைய வாழ்க்கையைப் படம் எடுக்கச் சொல்வது இன்னொரு வழி. 1990-களில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களோடு கேரலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் வளர்த்தெடுத்த ஃபோட்டோவாய்ஸ் முறை இந்த வகையில் பெயர்பெற்றது. தாங்கள் எடுத்த படங்களை வைத்து மக்களே கூடிப் பேசி, கொள்கை வகுப்பவர்கள் காதுவரை கொண்டுபோவது அதன் நோக்கம். உங்கள் ஆய்வில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஆனால் பழைய படங்களோடு இன்றைய படங்களும் கட்டாயம் வேண்டும் என்று சொல்வேன். பழையதை மட்டும் காட்டினால் பேச்சு முழுக்கப் பொற்காலமாகிவிடும். முதுகுவலியும் மேலதிகாரியின் வசவும் இரவு ஷிஃப்டின் தூக்கக்கேடும் படத்தில் தெரியாது. மூடிய ஆலைகளைப் பற்றிய எழுத்தில் இந்த ஏக்கத்தைக் குறித்து ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதமே நடந்திருக்கிறது. ஏக்கத்தை ஒதுக்கவும் வேண்டாம், அதற்குள் மூழ்கவும் வேண்டாம். இழந்ததில் எதை மதிக்கிறார்கள் என்று அது சொல்கிறது.

இன்றைய படங்கள் ஏன் முக்கியம் என்பதற்கு வியன்னா அருகே இருந்த மரியந்தால் கிராமத்தைவிட நல்ல சாட்சி இல்லை. நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்த பிறகு, மரி யஹோடாவும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஹான்ஸ் சைசலும் அங்கே ஆய்வு செய்து 1933-இல் வெளியிட்டார்கள். அன்றைய நாளில் எந்த மணியில் என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதித்தரச் சொன்னபோது, ஆண்களின் தாள்களில் பல மணி நேரங்களுக்கு எழுத எதுவும் இருக்கவில்லை. தெருவில் நடப்பவர்களை ஒளிந்திருந்து கவனித்தபோது, ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வேலை போனால் கூலி மட்டும் போவதில்லை, நாளின் அமைப்பே கலைந்துபோகிறது என்று இதிலிருந்து யஹோடா பிற்காலத்தில் விரித்தெழுதினார். நேர ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், அந்தஸ்தும் அடையாளமும், முறையான செயல்பாடு என்று வேலை தரும் ஐந்தை அவர் எண்ணினார். ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரே நேரத்தில், காலை பதினொரு மணி என்று வையுங்கள், எங்கே இருக்கிறார்களோ அங்கே ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எதை எடுப்பது என்ற தயக்கமே யஹோடா சொன்ன நேர ஒழுங்கைப் பற்றிய பேச்சைத் தொடங்கிவைக்கும்.

பேச்சே வராதவர்களிடம் என்ன செய்வது என்ற கவலை உங்கள் கடிதத்தில் தெரிந்தது, குறிப்பாக உடலுழைப்பில் இருந்த ஆண்களைப் பற்றி. பிரிட்டனில் இறைச்சிக் கடைக்காரர்களைப் பற்றி நடாஷா ஸ்லட்ஸ்கயாவும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் எழுதியது இதே பிரச்சினையைத்தான். தங்கள் உணர்வுகளைப் பற்றிப் பேசிப் பழகாத ஆண்கள், படங்களை முன்வைத்தபோது பேசினார்கள் என்பது அவர்கள் கண்டது. காரணம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூன்றாவதாக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாலையைப் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியில் போகும் இருவருக்கிடையே மனம்விட்ட பேச்சு தானாக வருவதைப் போன்றது இது. அதனால் எதிரெதிரே உட்காராதீர்கள். மேசையின் ஒரு மூலையில் பக்கவாட்டில் அமருங்கள்.

செய்முறை பற்றிச் சில. படங்களைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள், செல்போன் திரையில் காட்ட வேண்டாம். திரையில் விரல் தவறித் தள்ளினால் வேறு ஏதோ தெரியும், நடுவில் அழைப்பு வரும். அச்சுப் படத்தைத் தொடலாம், பிரித்து அடுக்கலாம், பார்க்க வேண்டாம் என்றால் கவிழ்த்துவைக்கலாம். யாராவது ஒரு படத்தைக் கவிழ்த்தால் ஏன் என்று உடனே கேட்காதீர்கள். குறித்துக்கொள்ளுங்கள். எட்டு, பத்துப் படங்களுக்கு மேல் வேண்டாம், மிஞ்சினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம்தான் கிடைக்கும். பின்புறம் எண் எழுதி, பேசும்போது "இப்போ மூணாவது படம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது "இதோ இது", "அது பக்கத்துல இருக்கே" என்பதெல்லாம் எதைச் சுட்டுகிறது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

கேள்விகளை உணர்வில் தொடங்காதீர்கள், பொருளில் தொடங்குங்கள். இந்தப் படத்தை யார் எடுத்தது? அப்போது மணி என்ன இருக்கும்? இங்கே என்ன சத்தம் கேட்கும்? இந்தப் பக்கம், படத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள்? நாளைக்கு ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்கிறார் என்றால் இதில் எதை அவருக்கு முதலில் காட்டுவீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் நிற்கும்போது தன் திறமையைப் பற்றி ஒருவர் கூச்சமில்லாமல் பேசுவார்.

எல்லாரிடமும் அவரவர் படம் மட்டும் என்றால் ஒப்பிடுவது சிரமம். ஆகவே ஒரே ஒரு பொதுப்படம் வையுங்கள், மூடிய ஆலையின் வாசலோ அலுவலகக் கட்டடமோ. ஒரே வாசலை ஒருவர் "எங்க கேட்" என்பார், இன்னொருவர் "அவங்க கேட்டைப் பூட்டினாங்க" என்பார். வேலையில் இருந்த காலத்தைப் பற்றிப் பேசும்போது "நாங்க" என்று வந்தது எந்த இடத்தில் "அவங்க" ஆகிறது, "செய்வோம்" என்பது எப்போது "செஞ்சோம்" ஆகிறது என்று எழுத்துப்படியில் தேடுங்கள். மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் சிலர் நிகழ்காலத்தில் பேசுவார்கள். உங்கள் அலசலின் மையம் இங்கேதான் இருக்க வேண்டும். நீங்கள் அலச வேண்டியது பேச்சை. படத்தில் என்ன இருக்கிறது என்று நீங்களாகவே விளக்கம் எழுத ஆரம்பித்தால், தெரிந்தவர் என்ற இடத்தை அவரிடமிருந்து பறித்துக்கொண்டதாகிவிடும். பேச்சோடு சேர்த்து, எந்தப் படத்தை முதலில் எடுத்தார், எதைத் தொடவே இல்லை, விளக்கும்போது கை என்ன செய்தது என்பதை நேர்காணல் முடிந்த கையோடு எழுதிவையுங்கள். லேத் ஓட்டியவரின் கைகள் காற்றில் சக்கரத்தைத் திருப்பியது என் ஒலிப்பதிவில் இல்லை, குறிப்பேட்டில்தான் இருக்கிறது.

நெறியாளரின் சந்தேகத்துக்கு ஒரு விஷயத்தில் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். படம் நினைவைத் தூண்டும், ஆனால் நினைவு சரியானது என்பதற்கு உத்தரவாதம் தராது. 2002-இல் உளவியலாளர் கிம்பர்லி வேடும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை பிரசித்தம். சிறுவயதில் வெப்பக்காற்று பலூனில் போனதுபோலப் போலியாக உருவாக்கிய படத்தை 20 பேரிடம் காட்டி மூன்று முறை பேசியதில், 10 பேர் நடக்காத அந்தப் பயணத்தை முழுதாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தார்கள். எனவே ஆட்குறைப்பு எந்த மாதம் நடந்தது, எத்தனை பேர் போனார்கள் என்பதற்குப் படம் வழியான நேர்காணலைச் சான்றாக வைக்காதீர்கள். அதற்கு ஆவணங்கள் இருக்கின்றன. அந்த வேலை அவருக்கு என்னவாக இருந்தது, இப்போது அதை எப்படி வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்குத்தான் இந்த முறை. ஆய்வேட்டில் இந்த எல்லையை நீங்களே முதலில் வரைந்துவிட்டால் வாய்மொழித் தேர்வில் யாரும் உங்களை மடக்க முடியாது.

நெறிமுறையில் நான் கறாராக இருப்பேன். குரூப் ஃபோட்டோவில் இருக்கும் மற்றவர்கள் உங்களுக்கு ஒப்புதல் தரவில்லை. அவர்களில் சிலர் இன்னும் அங்கேயே வேலையில் இருக்கலாம். பணிநீக்க ஒப்பந்தத்தில் நிறுவனத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், பின்னணியில் தெரியும் ஒரு லோகோ போதும், அவருக்குச் சேரவேண்டிய பணத்துக்கே ஆபத்து. முகத்தை மங்கலாக்குவது சிறிய ஊரில் எதையும் மறைக்காது, சட்டையும் நிற்கும் விதமுமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பேசுவதற்கு ஓர் ஒப்புதல், படத்தைப் பிரசுரிக்கத் தனியாக இன்னொன்று என்று பிரித்து வாங்குங்கள். இரண்டாவதை நேர்காணல் முடிந்து சில வாரங்கள் கழித்துக் கேளுங்கள், அன்றைய உற்சாகத்தில் தலையாட்டியது ஒப்புதல் ஆகாது. படத்தின் உரிமை எடுத்தவருக்கு இருக்கக்கூடும் என்பதையும் விசாரியுங்கள். என்னைக் கேட்டால், பெரும்பாலான படங்களைப் பிரசுரிக்கவே வேண்டாம். பேச்சை அச்சிட்டு, படத்தைச் சொற்களால் விவரித்தால் போதும்.

வேலை போய்ச் சில வாரங்களே ஆனவர்களிடம் கடைசி நாளின் படத்தை நீங்களாக எடுத்துவைக்காதீர்கள். அவராகவே கொண்டுவந்தால் பேசுங்கள், ஆனால் அதோடு சந்திப்பை முடிக்காமல், அவர் திறமையைக் காட்டும் வேறொரு படத்துக்குத் திரும்பி வந்து முடியுங்கள். உடைந்துபோனால் பதிவை நிறுத்துங்கள். நீங்கள் மனநல ஆலோசகர் இல்லை. யாரிடம் அனுப்பலாம் என்ற தகவலைப் பையில் தயாராக வைத்திருங்கள். அச்சிட்டுக் கொண்டுபோன படங்களைத் திரும்ப எடுத்து வராமல் அவரிடமே கொடுத்துவிடுங்கள், உங்களுக்குப் பிரதி இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நேர்காணல்களை முன்னோட்டமாக வைத்துக்கொண்டு, எந்தப் படம் பேச்சை எழுப்புகிறது, எது அமுக்குகிறது என்று பார்த்துப் பட்டியலை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதையும் மாற்றியதற்கான காரணத்தையும் முறையியல் அத்தியாயத்தில் எழுதுங்கள், நெறியாளர் முதலில் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்.